நிலத்தடியிலிருந்து வரும் காற்று: வீட்டில் ரேடனை அளப்பதும் குறைப்பதும்

(கனடாத் தமிழர்களுக்கான பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ரேடன் என்ற வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அது தொண்டையைக் கரகரக்க வைக்காது, கண்ணை எரிய வைக்காது, தலைவலி தராது. ஆனால் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் பெருங்காரணம் அதுதான். கனடாவில் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேரின் மரணத்தில் ரேடனுக்குப் பங்கு உண்டு என்றும், ஆண்டுக்கு மூவாயிரம் பேருக்கு மேல் இப்படி இறக்கிறார்கள் என்றும் கனடாவின் சுகாதாரத் துறை மதிப்பிட்டிருக்கிறது. எனவே நான் சொல்ல வந்தது இதுதான்: ரேடனைப் பொறுத்தவரை ஊகம் உதவாது. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் குறைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. நிலக்கீழ் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு அது இரட்டைப் பொறுப்பு. இதை ஏன் சொல்கிறேன், எந்த ஆதாரத்தில் சொல்கிறேன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், இந்த வாயு எங்கிருந்து வருகிறது? மண்ணிலும் பாறையிலும் யுரேனியம் சிறிதளவேனும் இல்லாத இடம் அரிது. யுரேனியம் மெல்லச் சிதைந்து சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதையும்போது ரேடன் பிறக்கிறது. யுரேனியமும் ரேடியமும் திண்மங்கள். இருந்த இடத்திலேயே இருக்கும். ரேடன் வாயு; கிளம்பிவிடும். கதிரியக்கமுள்ள பொருளொன்று வாயுவாகவே வெளியேற முடியும் என்ற உண்மை முதலில் தெரியவந்தது இந்த நாட்டில்தான். 1899 இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரதர்ஃபோர்டும் ஓவன்ஸும் தோரியத்திலிருந்து அப்படியொரு வாயு கிளம்புவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜேர்மனியில் டோர்ன் என்பவர் ரேடியத்திலிருந்தும் ஒரு வாயு வெளிவருவதைக் கண்டார். அதுதான் இன்று நாம் பேசும் ரேடன். அதில் பாதி சிதைந்துபோக 3.8 நாட்கள் ஆகும். மண்ணின் இடுக்குகளிலிருந்து ஊர்ந்து வந்து வீட்டுக்குள் புகுவதற்கு அந்தக் கால அளவு போதும். திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து நீர்த்துப் போகிறது. மூடிய வீட்டுக்குள் தேங்குகிறது. உள்ளே சிதைந்து பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று வேறு வேறு கதிரியக்கத் துகள்களாகிறது. அவை தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கிப் படிந்து, அங்கே அல்ஃபா கதிர்களை உமிழ்கின்றன. அல்ஃபா கதிர் ஒரு தாளைக்கூடத் துளைக்காது. நம் தோலைத் தாண்டாது. நுரையீரலின் உட்சுவரிலோ அதைத் தடுக்க எதுவும் இல்லை. பக்கத்திலுள்ள உயிரணுவின் மரபணுவை அது நேராகத் தாக்குகிறது.

எவ்வளவு தாக்குதல் நடக்கிறது? ரேடனின் அளவைப் பெக்கரல் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு பெக்கரல் என்றால் ஒரு நொடியில் ஓர் அணு சிதைகிறது என்று பொருள். கனடாவின் வழிகாட்டி அளவு ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரல். மூன்று மீற்றர் அகலமும் நான்கு மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் உயரமும் கொண்ட படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 30 கன மீற்றர். 200 பெக்கரல் இருந்தால் அந்த அறைக்குள் ஒவ்வொரு நொடியும் ஆறாயிரம் ரேடன் அணுக்கள் சிதைகின்றன. ஒருவர் அங்கே எட்டு மணி நேரம் உறங்கி எழுவதற்குள் 17 கோடிக்கு மேற்பட்ட சிதைவுகள் நடந்து முடிந்திருக்கும். அதில் ஒன்றுகூட அவருக்குக் கேட்காது, தெரியாது, உறைக்காது.

சரி, இது நோய் தருகிறது என்பதற்கு ஆதாரம் என்ன? ஆதாரம் சுரங்கத்தில் தொடங்குகிறது. ஜேர்மனியில் ஷ்னீபெர்க் என்ற சுரங்கப் பகுதி. அங்கே வேலை செய்தவர்கள் நெஞ்சு நோயால் இளம் வயதிலேயே மாண்டார்கள். நூற்றாண்டுகளாக அதை மலை நோய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1879 இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸ என்ற இரு வைத்தியர்கள் அது நுரையீரலில் வரும் புற்று என்று காட்டினார்கள். ரேடனுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அது எங்கோ, எப்போதோ என்று நினைக்கிறீர்களா? கனடாவுக்கே வருவோம். நியூஃபவுண்ட்லாந்தின் பியூரின் தீபகற்பத்தில் சென் லோரன்ஸ் என்ற ஊர். 1933 இல் அங்கே ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். அந்தக் கனிமத்தில் யுரேனியம் கிடையாது. ஆனால் சுரங்கத்தினுள் கசிந்த நீர் பாறையிலிருந்த ரேடனைக் கரைத்துக்கொண்டு வந்து காற்றில் விட்டது. உள்ளே காற்றோட்டம் இல்லை. ஒருவர் பின் ஒருவராகத் தொழிலாளர் சாய்ந்தார்கள். சிலிக்கா தூசி என்றார்கள், காசம் என்றார்கள். 1959, 1960 ஆம் ஆண்டுகளில்தான் கருவி வைத்து அளந்தார்கள். அளந்த பிறகுதான் காற்றோட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். கவனியுங்கள்: கால் நூற்றாண்டுக்கு மேலாக அங்கே இல்லாமல் போனது மருந்தோ பணமோ அல்ல. ஓர் அளவுகோல் இல்லை, அவ்வளவுதான். 1988 இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் ரேடனைச் சேர்த்தது.

சுரங்கம் வேறு, வீடு வேறு அல்லவா? நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை உலகம் உரக்கக் கேட்டது 1984 டிசம்பரில். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை செய்த ஒரு பொறியாளர் கதிரியக்கச் சோதனை வாயிலில் நுழையும்போதெல்லாம் எச்சரிக்கை மணி அடித்தது. விந்தை என்னவென்றால், அந்த நிலையம் அப்போது மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கவே இல்லை. அந்தக் கதிரியக்கம் நிலையத்திலிருந்து ஒட்டியதல்ல, வீட்டிலிருந்து அவர் உடையிலும் உடலிலும் சுமந்து வந்தது. அந்த வீட்டின் காற்றை அளந்தபோது கன மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பெக்கரல்! குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியது. பின்னர் அதே வீடு திருத்தப்பட்டு, அவர்கள் அதிலேயே திரும்பிக் குடியேறினார்கள். இந்தக் கதையின் முதல் பாதியைச் சொல்லி அச்சமூட்டுபவர்கள் பலர். இரண்டாம் பாதியையும் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் பெக்கரல் இருந்த வீட்டையே திருத்த முடிந்தது என்றால், முந்நூறும் நானூறும் இருக்கும் வீட்டுக்கு என்ன தயக்கம்?

ஒரு வீட்டை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அதனால்தான் பெரிய ஆய்வுகள் நடந்தன. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளரையும் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயில்லாதவரையும் ஒப்பிட்டு 2005 இல் ஒரு முடிவு வெளியானது. அவர்கள் வாழ்ந்த வீடுகளில் ரேடனை அளந்திருந்தார்கள். நீண்டகாலச் சராசரியில் ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நோயின் ஆபத்து ஏறத்தாழ 16 விழுக்காடு கூடியது. வட அமெரிக்காவின் 7 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 11 விழுக்காடு. இரண்டும் ஒரே திசையைக் காட்டின. சுரங்கத் தொழிலாளரிடம் கண்டதும் அதே திசைதான்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. எனக்கு ஏன் இந்தக் கவலை?" மற்றொருவர் எதிர்ப்பக்கமாகக் கேட்கலாம்: "நான் புகைப்பவன். வரவேண்டியது அதனாலேயே வரும். ரேடனைக் குறைத்து என்ன பயன்?" இருவருக்கும் அதே ஐரோப்பிய ஆய்வு பதில் சொல்கிறது. புகைக்காத ஆயிரம் பேரில், ரேடனே இல்லாவிட்டால் 75 வயதுக்குள் 4 பேர் நுரையீரல் புற்றால் இறப்பார்கள். 400 பெக்கரல் இருந்தால் 7 பேர். புகைக்கும் ஆயிரம் பேரில், ரேடன் இல்லாவிட்டால் 100 பேர். 400 பெக்கரல் இருந்தால் 160 பேர். புகைக்காதவருக்கு ஆபத்து சிறிது, ஆனால் இருக்கிறது. புகைப்பவருக்கு ரேடன் கூட்டிக் கொடுப்பது ஆயிரத்துக்கு அறுபது உயிர். ஆகவே புகைப்பவர் இருக்கும் வீட்டில்தான் ரேடனை முதலில் குறைக்க வேண்டும். புகையை விடுவதும் ரேடனைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இரண்டும் செய்ய வேண்டியவை.

இன்னும் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1995 இல் பேர்னாட் கோஹன் என்ற இயற்பியலாளர் அமெரிக்காவின் 1,601 மாவட்டங்களின் சராசரிகளை எடுத்து, ரேடன் கூடிய மாவட்டங்களில் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருக்கிறது என்று காட்டினார். அப்படியானால் ரேடன் நல்லதா? பொறுங்கள். மாவட்டத்தின் சராசரி வேறு, மனிதரின் கதை வேறு. ரேடன் கூடிய மாவட்டங்களில் புகைப்பவர்கள் குறைவு. இதை எப்படிச் சரிபார்ப்பது? ரேடனுக்குத் தொடர்பில்லாத, ஆனால் புகைக்குத் தொடர்புள்ள வேறு புற்றுநோய்களை எடுத்துப் பார்த்தார்கள். அவையும் அதே மாவட்டங்களில் குறைவாகவே இருந்தன! அப்படியென்றால் அந்தக் குறைவு ரேடன் கொடுத்த கொடை அல்ல. புகை குறைந்ததால் வந்தது. ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அந்த முரண்பாடு மறைந்துவிட்டது. ஊரின் சராசரி நம்மை எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அடுத்து, நம்மவர் பலரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "ஊரில் யார் ரேடனை அளந்தார்கள்? இலங்கையின் புல்மோட்டையிலும் தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலிலேயே தோரியம் கலந்த கனிமம் இருக்கிறது. அங்கே மக்கள் வாழவில்லையா?" வாழ்கிறார்கள். ஆனால் இரண்டு வேறுபாடுகளைப் பாருங்கள். தோரியத்திலிருந்து வருவது தோரன் என்ற ரேடனின் உடன்பிறப்பு. அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கிளம்பிய இடத்தை விட்டு வெகுதூரம் போவதற்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். அடுத்தது, வீட்டின் அமைப்பு. ஊரில் நிலத்துக்குக் கீழே வீடு கட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் கதவும் சன்னலும் திறந்திருக்கும். இங்கேயோ ஆறு மாதம் அடைத்துவைத்த வீடு. குளிர்காலத்தில் வீடு ஒரு புகைபோக்கி போலவே வேலை செய்கிறது. உள்ளே சூடான காற்று மேலெழுந்து கூரைப்பக்கமாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தளம் மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. கொங்கிறீற் வெடிப்பு, தரையும் சுவரும் சேரும் விளிம்பு, குழாய் இறங்கும் துளை, நீர் வடியும் துளை, நீர் சேரும் சம்ப் குழி, எல்லாமே அதற்கு வாசல்கள். ஊரின் அனுபவத்தை வைத்து இந்த நாட்டின் வீட்டை எடைபோட முடியாது.

"எங்கள் வீடு புதிது." புது வீடு இறுக்கமாகக் கட்டப்படுவதால் சிலவேளை ரேடன் இன்னும் கூடுதலாகவே தேங்கும். "பக்கத்து வீட்டுக்காரர் அளந்துவிட்டார், ஒன்றுமில்லை." ஒரே தெருவில், ஒரே ஆண்டில், ஒரே வரைபடத்தின்படி கட்டிய இரு வீடுகளில் ஒன்றில் குறைவாகவும் மற்றொன்றில் பன்மடங்காகவும் இருக்கலாம்; ஒரு வெடிப்பு போதும், ஒரு சரளைப் படுகை போதும். "எங்கள் பகுதி வரைபடத்தில் ஆபத்தில்லாத நிறத்தில் இருக்கிறது." வரைபடம் பகுதியைச் சொல்லும், உங்கள் வீட்டைச் சொல்லாது. 2009 முதல் 2011 வரை அரசு நாடு முழுவதும் ஏறத்தாழ 14,000 வீடுகளை அளந்தபோது நூற்றுக்கு ஏழு வீடுகளில் வழிகாட்டி அளவைத் தாண்டியிருந்தது. மனிற்றோபா, நியூ பிரன்ஸ்விக், சஸ்கச்சுவான், யூகொன் ஆகியவற்றில் விகிதம் கூட. ஆனால் ரேடன் இல்லாத மாகாணம் என்று ஒன்றும் அகப்படவில்லை. புது வீடானாலும், பழைய வீடானாலும், குன்றின் மேலிருந்தாலும், பள்ளத்திலிருந்தாலும், அளக்காமல் தெரியாது.

சரி, எப்படி அளப்பது? மிக எளிது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவி. அதற்குள் ஒரு பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். அல்ஃபா கதிர் படும் இடமெல்லாம் அதில் நுண்ணிய தழும்பு விழும். ஆய்வுகூடத்தில் காரக் கரைசலில் இட்டு, தழும்புகளை எண்ணி, சராசரியைக் கணக்கிட்டு உங்களுக்கு அனுப்புவார்கள். விலை சில பத்து டொலர்தான். ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில், வீடு மூடியிருக்கும் காலத்தில், குறைந்தது மூன்று மாதம் வையுங்கள். மூன்று மாதம் எதற்கு? ரேடன் மணிக்கு மணி மாறும், நாளுக்கு நாள் மாறும்; இரண்டு நாள் அளவை நம்பி நிம்மதியும் அடைய முடியாது, பதறவும் முடியாது. எங்கே வைப்பது? ஒருவர் நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் அறைகளில் மிகக் கீழே உள்ள அறையில். தரையிலிருந்து முக்கால் மீற்றருக்கு மேலே, மூச்சு விடும் உயரத்தில். சமையலறையில் வேண்டாம், குளியலறையில் வேண்டாம், சன்னலுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், வழக்கம்போல வாழுங்கள். திரையில் இலக்கம் காட்டும் மின்னணுக் கருவிகளும் உண்டு. சில பொது நூலகங்கள் அவற்றை இரவலாகவும் தருகின்றன. அவற்றில் ஒரு நாள் இலக்கத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். நீண்ட சராசரியைப் பாருங்கள்.

"ஒரு நாட்டுக்கு ஒரு அளவு சொல்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 100 என்கிறது, அமெரிக்கா 148, கனடா 200. 2007 வரை கனடாவே 800 என்றுதான் சொன்னது. இதில் எதை நம்புவது?" இது நல்ல கேள்வி. இந்த எண்கள் எதுவும் பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே போட்ட மதில் அல்ல. 199 நல்லது, 201 கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்து படிப்படியாக ஏறுகிறது. எந்தப் படியில் கட்டாயமாகச் செயற்பட வேண்டும் என்பதைச் செலவையும் நடைமுறையையும் பார்த்து ஒவ்வொரு நாடும் முடிவு செய்கிறது. ஆதாரம் கூடக் கூட எண் கீழிறங்கியிருக்கிறது, மேலே ஏறவில்லை. கனடாவின் அறிவுரை தெளிவானது: 200க்கும் 600க்கும் இடையில் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் குறையுங்கள், 600ஐத் தாண்டினால் ஓராண்டுக்குள் குறையுங்கள். 150 இருந்து, குறைக்க வசதியும் இருந்தால், குறைப்பதில் தவறே இல்லை.

குறைப்பது எப்படி? சன்னலைத் திறந்தால் குறையும். மூடிய சில மணி நேரத்தில் திரும்பிவிடும். ஜனவரியில் யார் சன்னலைத் திறந்துவைப்பார்கள்? வெடிப்புகளை மட்டும் அடைத்தால் கொஞ்சம் குறையும்; வாயு வேறு வழி தேடிக்கொள்ளும். உண்மையான வழி, வாயு வீட்டுக்குள் வருமுன்னே மண்ணிலிருந்தே அதை இழுத்து வெளியே விடுவது. நிலக்கீழ்த் தரையின் கொங்கிறீற்றில் ஏறத்தாழ பத்து சென்ரிமீற்றர் அகலத் துளையிட்டு, அடியிலுள்ள சரளையில் சிறு குழி தோண்டி, பிளாஸ்ரிக் குழாய் பொருத்தி, ஒரு மின்விசிறியால் உறிஞ்சி வெளியே தள்ளுவார்கள். இப்போது தரைக்கு அடியிலுள்ள அழுத்தம் வீட்டுக்குள்ளதை விடக் குறைந்துவிடுகிறது. காற்றின் திசையே திரும்பிவிடுகிறது. சம்ப் குழிக்கு மூடி போடுவார்கள், வெடிப்புகளை அடைப்பார்கள். பெரும்பாலும் ஒரே நாள் வேலை. ரேடன் பெரும்பாலான வீடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்துவிடும். விசிறி இரவும் பகலும் ஓட வேண்டும். குழாயில் பொருத்திய சிறிய அழுத்தமானியைப் பார்த்தால் அது வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். சான்றிதழ் பெற்றவரையே அழையுங்கள். கனடாவில் அதற்கென்று சீ-என்-ஆர்-பி-பி என்ற சான்றளிப்புத் திட்டம் இருக்கிறது. வேலை முடிந்ததும் மறுபடியும் அளந்து பாருங்கள். அளவில் தொடங்கிய காரியம் அளவில்தான் முடிய வேண்டும்.

"செலவு?" சில ஆயிரம் டொலர். சிறு தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் நாம் வழக்கமாகச் செய்யும் மற்றத் திருத்த வேலைகளுக்குச் செலவிடுவது போன்றதுதான் அதுவும். ஒன்ராறியோவில் புதிய வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு செய்தி: டாரியன் உத்தரவாதத்தின் கீழ் ரேடனும் ஏழு ஆண்டுகளுக்கு அடங்கும். அந்த ஏழு ஆண்டு கழிந்த பிறகு அளந்தால், செலவு உங்கள் கைப்பணம். "அளந்து கூடுதலாக வந்தால் வீட்டை விற்க முடியாதே?" ஓட்டைக் கூரையைத் திருத்திய வீட்டை விற்க முடியாமல் போனவர் உண்டா? திருத்தக்கூடிய குறையைத் திருத்தி, எண்ணையும் காட்டி விற்பவரிடம் வாங்குபவருக்கு நம்பிக்கை கூடும்.

இனி, என் வாதத்தின் கடைசிப் படி. நம் சமூகத்தில் நிலக்கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள்? புதிதாக வந்த குடும்பம், படிக்க வந்த மாணவர், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர், சில வீடுகளில் அப்பா அம்மா. வீட்டிலேயே ரேடன் அதிகம் தேங்கும் தளத்தில் வாழ்பவர்கள் அவர்கள். தரையைத் துளைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. மேலே உறங்கும் வீட்டுக்காரருக்கு மட்டும் உண்டு. ஆபத்து ஒருவருக்கு, அதிகாரம் இன்னொருவருக்கு என்றால், பொறுப்பு யாருக்கு? அதிகாரம் உள்ளவருக்குத்தான். வாடகைக்கு விடும்போது புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, காபன் மொனொக்சைட் கருவி இருக்கிறதா என்று பார்க்கிறோம். அவற்றோடு ரேடன் எண்ணையும் சேர்ப்போம். வாடகைக்கு வருபவர் "இந்த வீட்டில் ரேடன் எவ்வளவு?" என்று கூச்சமில்லாமல் கேட்கட்டும். விடுபவர் தாளை எடுத்துக் காட்டட்டும். வீடு வாங்குபவர் கேட்கட்டும், விற்பவர் காட்டட்டும். நம் சங்கங்களும் கோவில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் தமிழ் வகுப்பு நடக்கும் நிலக்கீழ் மண்டபங்களும் தங்கள் எண்ணைச் சுவரில் ஒட்டிவைக்கட்டும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஒக்டோபரில் ஒரு கருவி வாங்கினால், அடுத்த வசந்தத்துக்குள் எண் உங்கள் கையில் இருக்கும். குறைவாக இருந்தால் நிம்மதி, கூடுதலாக இருந்தால் வேலை. இரண்டுமே அறியாமையை விட மேல்.